களிம்பு ஏறிய பனியன்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் மண் வேலை தெரியாதவனை மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். கோப்பை, சாடி, மின்கம்பத்துப் பீங்கான் என்று எதையாவது சூளையில் ஏற்றி இறக்கியவன் எவனும், உலகத்துப் பொருள்கள் யாவும் களிமண்ணின் குணமே கொண்டவை என்று நம்பினான். சிதம்பரத்தில் பட்டம் பெற்றுத் திரும்பிய எனக்கு இந்த நம்பிக்கையோடு வாழ்ந்து பழக நெடுங்காலம் ஆயிற்று. பழகினேன் என்றும் சொல்வதற்கில்லை.

என் மனைவியின் தம்பி அந்த நம்பிக்கையின் முழு உருவம். பீங்கான் கோப்பைகளில் பூ அச்சிடும் வேலையில் இருந்தவன், ஒரு நாள் அதை விட்டுவிட்டுத் துணியில் அச்சடிக்கப் போவதாக அறிவித்தான். மரச்சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, வேண்டாத இடத்தை அடைத்து, மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால் கீழே எழுத்து விழும். கோப்பையில் விழுந்தது பனியனில் விழாதா என்பது அவன் வாதம். சென்னையிலிருந்து பொன்னிறத் தூளும், அதைக் குழைக்கத் தண்ணீரில் கரையும் பசையும் வாங்கி வந்தான். தூள் என்னவோ பித்தளைதான். பெயர் மட்டும் கோல்டு.

அப்போது நான் ஊர்ப் பூப்பந்தாட்டக் கழகத்தின் செயலாளர். வெளியூர் அணிகளை அழைத்துப் போட்டி நடத்த எங்களுக்கு முதன்முறையாக வாய்த்திருந்தது. ஆட்டக்காரர்களுக்குக் கருநீலப் பனியனில் பொன்னெழுத்தில் ஊர்ப் பெயர் வேண்டும் என்று குழு முடிவு செய்தது. சென்னையில் அடித்துக்கொள்ளலாம் என்றார் ஜவுளிக்கடை வைத்திருந்த உறுப்பினர். துணியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அளவுகோல் ஒன்றுதான். என் மைத்துனன் புதிதாய்க் குழைத்து அச்சடித்துத் தந்த மாதிரித் துணி என்னிடம் இருந்தது. உண்மையிலேயே பொன்னாய் மின்னிற்று. அதை மேசைமேல் விரித்தேன்.

"இதே நிறம் நம்ம ஊர்லயே வரும். வரலைன்னா இந்தச் செயலாளர் பதவியில நான் இருக்கமாட்டேன்."

"எழுதிக்கலாமா சார்?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"நான் சொன்னா எழுத வேண்டியதில்ல."

அவர்கள் சிரித்தார்கள். மனிதன் தன் சொல்லுக்குக் கட்டுப்படுவது அவர்களுக்கு வேடிக்கையாகப் பட்டிருக்கலாம்.

பனியன்கள் அச்சேறுவதற்கு முந்தைய நாள் பிற்பகல் அவன் கொட்டகைக்குப் போனேன். வாளி நிறையத் தூளையும் பசையையும் கலந்துவைத்து, ஈரச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு அடிக்கிறதுக்கு இன்னைக்கே ஏன்டா கலந்த?"

"ஊறட்டும் மாமா. எந்தக் குழம்பும் ஊறினாதான் வேலைக்கு ஆவும்."

"டப்பாவுல என்ன போட்டிருக்குன்னு பாத்தியா? வேணுங்கிற அளவு அப்பப்ப கலந்து உடனே அடிக்கணுமாம்."

"டப்பாவுல எழுதுனவன் என்னிக்காவது மண்ணு மிதிச்சிருக்கானா மாமா? ஊறாத மண்ணுல கோப்பை ஊத்துனா வெடிச்சிப்பூடும். ஊறப்போட்டு ஊத்திப் பாருங்க, கண்ணாடியாட்டம் நிக்கும். நீங்க பி.ஏ. படிச்சீங்க, நான் சூளை படிச்சேன். வூட்டுக்குப் போயி அக்காகிட்ட டீ வாங்கிக் குடிங்க."

மண் ஊறினால் பதப்படும், உண்மை. பித்தளை ஈரத்தில் கிடந்தால் களிம்புதான் ஏறும் என்பது, ஈயம் பூசாத பாத்திரத்தில் மோர் ஊற்றிவைத்த எந்தக் குடும்பத்துக்கும் தெரியும். அவன் வீட்டிலும் பித்தளைப் பாத்திரங்கள் இருந்தன. ஆயினும் வாளியில் கிடப்பது மண் என்று அவன் முடிவு செய்துவிட்டான். தூளும் அதோடு தீர்ந்தது. மறுபடி சென்னைக்குப் போய்வர நாளில்லை.

போட்டி நாள் காலையில் பனியன்கள் மூட்டையாக மைதானத்துக்கு வந்தன. ஒன்றைப் பிரித்தேன். கருநீலத்தின்மேல் பாசியும் பழுப்புமாய் ஒரு பச்சை. குளத்துப் படியில் கால் வழுக்குமே, அந்த நிறம்.

"என்னடா இது?"

"கொஞ்சம் பச்சை அடிக்குது," என்றான், தூறல் போடுகிறது என்று சொல்வதுபோல. "வெயில்ல நின்னா தெரியாது மாமா."

வெயிலில் நன்றாகவே தெரிந்தது. ஜவுளிக்கடைக்காரர் ஒரு பனியனைத் தூக்கிப் பிடித்தார்.

"பொன்னு எங்கனா ஊருக்குப் போயிருக்குதா சார்? எப்ப திரும்பி வருமாம்?"

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாற்றுப் பனியன் இல்லை. ஆட்டக்காரர்கள் அதையே அணிந்தார்கள். எதிரே சேத்தியாத்தோப்பு அணி வெறும் வெள்ளைப் பனியனில் கண்ணியமாக நின்றது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கேவலம். தலைமை தாங்க வந்திருந்த அதிகாரி மேடையில் எழுந்து, "உங்க டீம் பனியன் பிரமாதம். மயில் கழுத்து நிறம்! யாரோட தேர்வு?" என்றார். அவர் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். அதுவரை சிரித்த கூட்டம் கைதட்டியது. வேப்பூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் மயில் விரட்டியே வளர்ந்தவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள்.

"எல்லாம் நம்ப செகரட்டரி ஏற்பாடுங்க!" என்று ஜவுளிக்கடைக்காரர் என்னைக் கைகாட்டினார்.

நான் எழுந்து மைக்கை வாங்கினேன். "இது யாரும் தேர்ந்தெடுத்ததில்லீங்க. தங்க நிறம் வரவேண்டியது. பித்தளை களிம்பேறிப் போச்சு."

இன்னும் பலமாகத் தட்டினார்கள். "சாருக்கு என்ன அடக்கம் பாருங்க!" என்றார் அதிகாரி. அடக்கம் என்ற குற்றச்சாட்டை அதற்குமுன் எவரும் என்மீது சுமத்தியதில்லை.

அடுத்துக் குழு கூடியபோது பதவி விலகுவதாகச் சொன்னேன்.

"எதுக்கு சார்? யாரு இன்னா சொன்னாங்க உங்கள?" ஜவுளிக்கடைக்காரரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"தங்க நிறம் வரலைன்னா இருக்கமாட்டேன்னு சொன்னேன். வரல."

"அதவிட நல்லால்ல வந்துது! ஸ்ரீமுஷ்ணத்துக்காரங்க அதே பச்சையில வேணும்னு கேக்குறாங்க."

"நல்லா வந்துதாங்கிறது கேள்வியே இல்ல."

கேள்வி வேறு எதுவாக இருக்கமுடியும் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஒருவர் என் உடல்நிலையை விசாரித்தார். வீட்டில் ஏதேனும் மனத்தாங்கலா என்றார் இன்னொருவர். பிறகு டீ வந்தது. டீ ஆறுவதற்குள் என் விலகலை ஏற்று, புதிய செயலாளராக என் மைத்துனனை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

பனியன் கணக்குச் சொல்ல அங்கே வந்திருந்த அவன் குனிந்து என் காலைத் தொட்டான். "நீங்க கூடவே இருந்து சொல்லிக் குடுக்கணும் மாமா."

கழகத்து அலமாரிச் சாவியை அவன் கையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். என் சொல்லுக்கு மதிப்புண்டு என்று நினைத்தவன் அந்த அறையில் நான் ஒருவனே. அதைக் காப்பாற்ற ஒருவன் போதும்.