சமைத்தேன் என்று சொல்

தைவானின் தெற்கில், மாவட்டச் சிறையின் வாசலுக்கு எதிர்ச்சாரியில் சாய் பீயுன் தள்ளுவண்டி போட்டபோது அந்த இடத்துக்குப் போட்டியே இல்லை. அவள் வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். லாரி ஓட்டிய கணவன் மலைச்சாலையில் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மகள் வென்ரூ கைக்குழந்தை. சந்தைத் தெருவில் இடம் கேட்டபோது ஏற்கெனவே கடை போட்டிருந்தவர்கள் முறைத்தார்கள். சிறைவாசலில் முறைக்க ஆளில்லை. உள்ளேயிருந்து விடுதலையாகி வருகிறவர்கள் பன்றிக்கால் போட்ட நூல் சேமியாவைச் சாப்பிட்டுப் பீடையைக் கழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அதனால் வியாபாரம் நிச்சயம் என்று நினைத்தாள். நினைத்தது சரியாகவே இருந்தது. வண்டி பிறகு தகரக் கூரை போட்ட கடையாயிற்று.

அந்தக் கடைக்கென்று சில முறைகள் உண்டு. சேமியாவை நறுக்கக் கூடாது, ஆயுள் குறையும். சாப்பிட்டு எழுந்தவரிடம் "மறுபடி வாங்க" என்று சொல்லக் கூடாது. என்ன குற்றம் என்று கேட்கக் கூடாது. கேட்காவிட்டாலும் அவர்களே சொன்னார்கள். பூட்டு உடைத்தவன், சூதாட்ட விடுதி நடத்தியவன், சொந்தத் தம்பியைக் குத்தியவன் என்று எல்லாரும் அவள் எதிரில் உட்கார்ந்து எலும்பைக் கடித்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதைகள் வேறு, முடிவு ஒன்றுதான்: முதல் நாள் போலீஸிடம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. இருபது வருடத்துக்கு மேலாக இதையே கேட்ட பீயுனுக்கு அது சட்டப் படிப்பு மாதிரி ஊறிப்போயிற்று.

வென்ரூ வளர்ந்ததும் அந்தக் கடையில்தான். பேச்சில் கெட்டிக்காரி. வெளியே வந்த புதிதில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் கிழவர்களிடம், "பெரியப்பா, சூடு பாத்துச் சாப்பிடுங்க. நல்லா மெலிஞ்சுட்டீங்களே," என்பாள். அவள் அவர்களை அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்களுக்குக் கண் கலங்கும். பீயுனுக்கு அதில் பெருமை.

நகப்பூச்சுக் கடையில் வேலை பார்த்த வென்ரூ, இருபத்து நான்காவது வயதில் கம்போடியாவுக்குப் போனாள். ஓட்டல் முன்பதிவு நிறுவனம், தொலைபேசியில் பதில் சொல்கிற வேலை, தங்க இடம் இலவசம் என்று பள்ளித் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். போய் இறங்கிய வாரத்தோடு பேச்சு நின்றது. பத்து மாதம் கழித்து ஒரு காலை, ஓர் உதவி அமைப்பின் விடுதியிலிருந்து கூப்பிட்டாள். தன்னை அடைத்துவைத்து, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு விற்றார்கள் என்றாள். கடைசி இடத்தில் தீப்பிடித்தபோது ஓடிவந்ததாகச் சொன்னாள். மறுநாள் விமானம்.

"அம்மா, அங்க நான் போன்ல பேசினேன். நம்ம ஊரு ஆளுங்ககிட்டதான். ஏமாத்திப் பணம் வாங்கிக் குடுத்தேன்."

பீயுன் அடுப்பை அணைத்தாள். எதிரில் ஆ-ஷுயி உட்கார்ந்திருந்தார். பூட்டு உடைத்துத் திருடி மூன்று முறை உள்ளே போய்வந்தவர், இப்போது அவள் கடைக்குப் பன்றிக்கால் கொண்டுவந்து போடுகிறவர். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஐயையோ, பேசினேன்னு மட்டும் சொல்ல வேண்டாம்னு சொல்லு தங்கச்சி," என்றார் அவர். "ஏர்போர்ட்லயே போலீஸ் நிப்பான். ஒண்ணு வாயே திறக்கக் கூடாது. இல்லாட்டி சின்னதா ஏதாச்சும் வேலை சொல்லிக்கணும். கூட்டினேன், துவைச்சேன், இப்படி."

"சமைச்சேன்னு சொல்லு," என்றாள் பீயுன் போனில். "எம் பொண்ணுன்னா நம்புவாங்க."

"இங்க இருக்கற அக்கா எல்லாத்தையும் சொல்லிடச் சொல்றாங்கம்மா."

"அந்த அக்கா என்ன ஜெயில் வாசல்லயா கடை வச்சிருக்கா? நான் சொல்றதக் கேளுடி."

வென்ரூ கேட்டாள். விமான நிலையத்துப் போலீஸிடம், தான் சமையலறையில் மட்டுமே இருந்ததாக வாக்குமூலம் கொடுத்தாள். கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சிறையிலிருந்து வருகிறவர்கள் பீடை கழியத் தாண்டும் நெருப்புச் சட்டி வீட்டு வாசலில் இல்லை. அதைத் தாண்டச் சொன்னால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பீயுன் வைக்கவில்லை. மேசையில் மீன் கஞ்சி மட்டும் இருந்தது.

"பன்றிக்கால் இல்லையாம்மா?"

"அது ஜெயில்லேர்ந்து வர்றவங்களுக்கு."

"பூகம்பத்துல தப்பிச்சவங்களுக்கும் போட்டிருக்கியே."

"ஆறிடப் போகுது, சாப்பிடு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஓரிடத்தில் நிலையாக இருக்கவில்லை. வென்ரூ கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டாள். எங்கே போன் அடித்தாலும் கையிலிருப்பதைக் கீழே போடுவாள். பேச ஆரம்பித்து, பாதியில் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். பீயுன் கழுவிய கிண்ணங்களையே எடுத்துத் திரும்பக் கழுவினாள். கல்லாவில் நிற்பாள், உடனே வீட்டுக்கு ஓடிவந்து பார்ப்பாள், திரும்பிப் போவாள். மகள் முழங்கைக்கு மேல் வட்டமாகக் கருத்த தழும்புகளை ஒருமுறை பார்த்துவிட்டு, குளிரும் என்று சொல்லி நீளக் கைச் சட்டை வாங்கிக் கொடுத்தாள். என்னவென்று கேட்கவில்லை.

பக்கத்துப் பழக்கடை லியாவ் விடவில்லை. "உம் பொண்ணு வந்துட்டாளாமே. எங்கண்ணன் ஓய்வுப் பணத்தை முழுங்குனதும் ஒரு பொண்ணு குரல்தான். தேன் மாதிரி இருந்துச்சாம்."

"எம் பொண்ணு அங்க சமைச்சா," என்றாள் பீயுன்.

"அவ்ளோ தூரம் போயா சமைக்கணும்? இங்கேயே குண்டான் இருக்கே!"

அடுத்த மாதம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மோசடிக் குற்றத்தில் சந்தேகத்துக்கு உரியவர் என்று அதில் வென்ரூவின் பெயரைப் போட்டிருந்தார்கள். சட்ட உதவி மையம் அனுப்பிய வக்கீல் ஹுங், பின்மதியத்தில் கூட்டம் குறைந்ததும் கடைக்கே வந்துவிட்டாள். மடிக்கணினியைத் திறந்து, பணத்தைப் பறிகொடுத்த ஒரு பெரியவர் தன் போனில் பதிந்து வைத்திருந்த பேச்சைப் போட்டுக் காட்டினாள்.

"பெரியப்பா, சாப்பிட்டீங்களா? கஞ்சிதானா? உடம்பப் பாத்துக்க வேண்டாமா நீங்க?"

பீயுன் கரண்டியைக் கீழே வைத்தாள். அது மகளின் குரல் என்பது மட்டுமில்லை. கடைக்கு வருகிற கிழவர்களிடம் வென்ரூ பேசுகிற பேச்சேதான் அது, அந்த இழுப்பும் அந்தக் கேள்வியும்கூட.

"நாந்தான்," என்றாள் வென்ரூ. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பேசினது எனக்குக் கவலை இல்ல," என்றாள் ஹுங். "கரண்ட் குச்சியால சுட்டு, அடிச்சு, அடைச்சு வச்சுப் பேச வெச்சா, அந்தப் பேச்சுக்கு நீ பொறுப்பில்லன்னு கேக்கலாம். கேக்கத்தான் போறேன். ஆனா நான் பேசவே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கியே! பேசாதவளை எப்படி அடிச்சுப் பேச வெச்சிருக்க முடியும்? இப்ப உன் கையில இருக்கற தழும்பக் காட்டினாலும், இது முதல்லேர்ந்தே பொய் சொல்ற பொண்ணும்பாங்க. யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"யாருமில்ல. நானேதான்."

பீயுன் கொதிக்காத குண்டானைக் கிளறினாள். ஹுங் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை ஒன்பதரைக்கு அந்த அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிப் போனாள்.

புதன்கிழமை ஆ-ஷுயி சரக்கோடு வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, நல்லதாகப் போயிற்று என்றார்.

"அவளே ஏத்துக்கிட்டால்ல, விட்டுடு. நீயும் போய் நாந்தான் பொய் சொல்லச் சொன்னேன்னு நின்னேன்னா, ரெண்டு பேரையும் சேர்த்து உள்ள வைப்பான். அப்புறம் எனக்கு யாரு சேமியா போடறது?"

"அண்ணே, இத்தனை வருஷமா நீங்கல்லாம் சொன்னதத்தான் நான் கேட்டுக்கிட்டிருந்தேன். நீங்க பண்ணிட்டு உள்ள போனவங்க."

"பண்ணினேன், இல்லேங்கல. அவ மட்டும் பண்ணலையா? காதால கேட்டியே."

"கேட்டேன். பண்ணியிருக்கா." பீயுன் பன்றிக்கால் கூடையை வாங்கி இறக்கினாள். "நீங்க பூட்டை உடைக்கையில உங்க பின்னால யாராச்சும் கரண்ட் குச்சியோட நின்னானா?"

ஆ-ஷுயி தலையைச் சொறிந்தார். "எம் பொண்டாட்டி நின்னா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் அவர் போகவில்லை. "ஜாக்கிரதை தங்கச்சி. உண்மையச் சொல்லி நல்லாயிருந்தவன் ஒருத்தனையும் நான் உள்ள பாத்ததில்ல," என்றார்.

"அவன் எதுக்கண்ணே உள்ள வரான்?" என்றாள் பீயுன். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. இத்தனை ஆண்டுகளாக அவள் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். அதற்குள் போகவே வேண்டியிராத ஆட்கள் போலீஸிடம் என்ன சொன்னார்கள் என்று அவளிடம் சொல்ல யாரும் வந்ததில்லை.

வியாழக்கிழமை கடையைத் திறக்கவில்லை. அந்த அலுவலகத்து மூன்றாம் மாடியில், அரசு வழக்கறிஞர் உட்காரச் சொல்வதற்கு முன்பே பீயுன் பேசிவிட்டாள்.

"ஐயா, சமைச்சேன்னு சொல்லச் சொன்னது நாந்தான். அவளுக்குச் சொல்லவே இஷ்டமில்ல. என்னை எழுதிக்கங்க."

"அம்மா!" என்றாள் வென்ரூ.

வழக்கறிஞருக்கு வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். அவர் பேனாவை மூடினார், திறந்தார். "எதுக்காகச் சொன்னீங்க?"

"பயந்துட்டேன். அதோட…" பீயுன் கைப்பையின் காதைத் திருகினாள். "அவ சமைச்சிருக்கணும்னு எனக்கு ஆசை. வேற எதுவும் நான் கேக்க விரும்பல. வீட்டுக்கு வந்ததுக்கப்புறம்கூட ஒண்ணும் கேக்கல."

அதை எழுத்தர் தட்டெழுதிக்கொண்டார். பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறவர் நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம் என்று ஹுங் நினைவூட்டினாள். அம்மா இருக்கட்டுமா, வெளியே போகட்டுமா என்று வழக்கறிஞர் கேட்டார். வென்ரூ கதவைப் பார்த்தாள். பீயுன் எழுந்திருக்கப் பாதி கிளம்பிவிட்டாள்.

"இருக்கட்டும். ஆனா நடுவுல பேசக் கூடாது."

வென்ரூ சொன்னாள். கடவுச்சீட்டைப் பிடுங்கியது யார், ஜன்னலில் எத்தனை கனத்தில் கம்பி, பக்கத்து மேசைப் பெண் பேச மறுத்தபோது எல்லாரையும் நிறுத்தி வைத்து அவளுக்கு என்ன செய்து காட்டினார்கள், அதன் பிறகு தான் எப்படிப் பேசக் கற்றுக்கொண்டாள். நன்றாகப் பேசுகிறாள் என்று அவளுக்கு ஒரு நாள் கோழித் தொடை கொடுத்தார்கள். அவள் அதைச் சாப்பிட்டாள். அதையும் சொன்னாள். சட்டைக் கையை ஏற்றித் தழும்புகளைக் காட்டினாள். நடுவில் இரண்டு முறை எழுந்துபோய்க் கதவைத் தொட்டுவிட்டு வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. பீயுன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முடிந்தபோது சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது. உதவி அமைப்பின் விடுதியில் அவளோடு இருந்த வேறு இரண்டு பெண்களும் இதே கட்டடத்தைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றார் வழக்கறிஞர். ஆட்கடத்தலில் பாதிக்கப்பட்டவர் என்று அடையாளம் காணும்படி எழுதப்போவதாகவும், இனி அநேகமாகச் சாட்சியாகத்தான் கூப்பிட நேரும் என்றும் சொன்னார். முதல் வாக்குமூலத்தைப் பற்றி மேலதிகாரிகளிடம் பேசிவிட்டுத்தான் சொல்ல முடியும், அதில் தாய்க்கு என்ன வரும் என்று இப்போது உறுதி தர முடியாது என்றார். பீயுன் தலையாட்டினாள்.

ஹுங் காகிதங்களை அடுக்கினாள். வென்ரூ எழுந்திருக்கவில்லை.

"சார், அந்தப் பதிவுல இருக்கற பெரியவர்கிட்ட யார் சொல்லுவாங்க?"

"என்ன சொல்லணும்?"

"அவர் கடைசி வரைக்கும் என்னை நம்பினாரு. பணம் போனதுக்கப்புறமும், உனக்கு ஏதாச்சும் ஆபத்தாம்மான்னு கேட்டாரு. நான் போனை வெச்சுட்டேன்."

வழக்கறிஞர் திரும்பி ஹுங்கைப் பார்த்தார். "வழக்கு முடியற வரைக்கும் நீங்க அவரைப் பாக்கக் கூடாது," என்றார் கடைசியில்.

"முடிஞ்சதும் நான் போறேன்," என்றாள் பீயுன்.

"பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?" வென்ரூ திரும்பிப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அப்போதுதான் கதவை விட்டு அம்மாவைப் பார்த்தாள். "நீ மட்டும் போய் என்ன சொல்லுவ? நானும்தான் வரணும்."