மூன்று கணினிகளும் ஒரு ஃபேஸும்

திருவையாறு சாலையில் இருக்கும் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்று லினக்ஸ் கணினிகளைக் கோத்து, எல்லோருடைய கோப்புகளையும் ஒரே இடத்தில் இருப்பதுபோலக் காட்டும் பொதுச் சேமிப்பு ஒன்றை அமைக்கச் சொன்னார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் இழுபறி.

துறைத் தலைவருக்கு வேகம் வேண்டும். பெரிய கணினி மையங்களில் ஓடும் லஸ்டர் என்ற சேமிப்பு மென்பொருளைப் போடச் சொன்னார். "நம்மகிட்ட இருக்கறது மூணே மெஷின் சார். இது யானையைக் கட்டித் தீனி போடற கதை" என்றேன். என்எஃப்எஸ் என்ற பழைய முறை எளிது. ஆனால் எல்லாக் கோப்பும் ஒரே கணினியில் இருக்கும். அது படுத்தால் எல்லாமே படுத்துவிடும்.

மழைநீரில் மூழ்கிய சம்பாப் பயிரை ட்ரோனில் படம் பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்த நாகூர்ப் பெண் ஒருவர் அந்தக் கூட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒரு மெஷின் போயிட்டா என் படமெல்லாம் இருக்குமா சார்?"

அறுவடை முடிந்திருந்தது. அந்த வயல்களை அந்தத் தண்ணீரோடு இனி யாரும் படம் எடுக்க முடியாது. அவருடைய முனைவர் பட்டமே அந்தப் படங்களை நம்பித்தான் இருந்தது. அதனால் செஃப் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அது ஒவ்வொரு கோப்பையும் மூன்று கணினிகளிலும் வைத்துக்கொள்ளும். மூன்றில் குறைந்தது இரண்டு கணினிகள் உயிரோடு இருந்தால்தான் வாய் திறக்கும். வேகம் குறைவுதான். துறைத் தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அந்தப் பெண் அதை நம்பி, ட்ரோன் கார்டுகளை அடுத்த பருவத்துக்காக அழித்துவிட்டார்.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் மின்சாரத்தின் மூன்று ஃபேஸும் ஒன்றுபோல நடந்துகொள்வது அபூர்வம். ஆகவே ஒவ்வொரு கணினியையும் ஒவ்வொரு ஃபேஸில் மாட்டினேன். அந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஆனால் இங்கே பாதி வீடுகளில் மெயின் பாக்ஸ் பக்கத்தில் ஃபேஸ் மாற்றும் குமிழ் இருக்கும். ஆய்வகத்திலும் கணினிக்கு ஒன்றாக இருந்தது. விளக்கு மங்கினால் கை தானாக அங்கே போகும். ஐப்பசியில் எங்கள் அலுவலக உதவியாளரின் கையும் போனது. ஒரு ஃபேஸ் போன அன்று அந்தக் கணினியை நல்ல ஃபேஸுக்கு மாற்றினார். இன்னொன்று மங்கியபோது அதிலிருந்த கணினியையும் அதே ஃபேஸுக்கு மாற்றினார். திருப்பி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அந்த நல்ல ஃபேஸும் போனது. யூபிஎஸ்கள் கொஞ்ச நேரம் கத்திவிட்டு ஓய்ந்தன. மூன்று கணினிகளும் ஒன்றாக அணைந்தன.

"நல்லதுக்குத்தான் சார் செஞ்சேன்" என்றார் அவர். திட்ட முடியவில்லை. வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு நானும் அதைத்தான் செய்கிறேன்.

மின்சாரம் வந்ததும் முதல் கணினி எழுந்தது. தனியாக இருந்ததால் கோப்புகளைக் காட்ட மறுத்தது. இரண்டாவது எழவே இல்லை. "மூணு காப்பி வச்சு என்னங்க புண்ணியம்?" என்று துறைத் தலைவர் என் முதுகுக்குப் பின்னால் கேட்டார். அந்தப் பெண் நாற்காலியின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாவது கணினி மெதுவாக எழுந்து, முதலாவதோடு எல்லாவற்றையும் ஒத்துப்பார்த்த பிறகு கோப்புறை திறந்தது. படங்கள் இருந்தன. தண்ணீருக்கு மேலே பச்சை நுனி மட்டும் தெரியும் வயல்கள்.

மறுநாள் அவர் புது ஹார்ட் டிஸ்க் ஒன்றோடு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நாகூர்ல எங்க வீட்டு பீரோவுல ஒரு காப்பி இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. என் மூன்று பிரதிகளும் ஒரே அறையில், ஒரே டிரான்ஸ்ஃபார்மரை நம்பி இருந்தன. அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. டிஸ்க்கை வாங்கிச் செருகினேன். நகல் முடிந்ததும் கோப்புகளைச் சரிபார்த்துக் கொடுத்தேன். அவர் அதைத் துப்பட்டாவில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார்.

இப்போதும் மழையில் விளக்கு மங்கினால் எனக்கு முதலில் அந்த பீரோ நினைவுக்கு வருகிறது. நிம்மதியாக இருக்கிறது. பிறகுதான் குமிழைப் பார்க்க எழுகிறேன்.