பேச்சி அக்காவும் எட்டு மாதம் வராத டயரும்

செல்போனில் ‘பேச்சி அக்கா’ என்று வந்தபோது நான் ராஜபாளையத்தில், எங்கள் நூற்பாலையில், ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். இரண்டு முறை கட் செய்தேன். மூன்றாவது முறை எடுத்து, அந்தப் பக்கம் வாய் திறக்கும் முன்பே, “அக்கா, டயர் சனிக்கிழமை வந்துரும். சும்மா சும்மா கேக்காதீய, வேலையா இருக்கேன்” என்றேன்.

பதில் சொன்னது ஓர் ஆண் குரல். “தம்பி, நான் பேச்சி வீட்டுக்காரர் பேசுதேன். காலையில இட்லிய ஊத்தி வச்சுட்டு உக்காந்தா. தலை வலிக்குன்னா. அம்புட்டுதான்.”

“எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டேன். “வீட்டுக்குக் கொண்டாந்தாச்சு” என்றார். “சரி” என்றேன். சாவுச் செய்திக்கு எவனாவது சரி என்று சொல்வானா? நான் சொன்னேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். அக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று.

நம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த பேச்சியம்மாள். கணவர் ராணுவத்தில், வடக்கே; அப்போது லீவில் வந்திருந்தார். நினைவுக் கூட்டத்தில் நான் எழுந்து, அக்கா ராமேஸ்வரத்துக்குச் சைக்கிளில் போகாமலே இறந்துபோனதற்கு நான்தான் காரணம் என்றேன். அப்படியெல்லாம் இல்லை என்று நீங்கள் ஆளாளுக்குச் சமாதானம் சொன்னீர்கள். சமாதானத்துக்காக நான் அதைச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது என்று போன வாரம் தெரிந்தது. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன். எப்போதும் சிரித்த முகம், யாரையும் கடிந்து பேசமாட்டார் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அக்கா நன்றாகவே கடிந்து பேசுவார். செயினை ஒருநாளும் துடைத்ததில்லை.

முதல் சந்திப்பே சண்டைதான். ஆலையில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க அனுப்பியிருந்தார்கள். கொடுத்து இருபது நிமிடம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. என்னால் உட்கார முடியாது. எழுந்து போய், “மேடம், இன்னும் எம்புட்டு நேரம்?” என்றேன். “ரத்தம் உறைஞ்சாத்தான் சுத்த முடியும். ஒனக்காக அது வேகமா உறையுமா?” என்றார். சிறிது நேரம் கழித்து, ரத்தக் குழாய்களை வைத்துச் சுழற்றும் எந்திரம் தடதடவென்று ஆடத் தொடங்கியது. பேரிங் போய்விட்டது, நிறுத்துங்கள் என்று கத்தினேன். அவர் நிறுத்தி, மூடியைத் திறந்து, எடை சமமாக எதிர்ப்பக்கம் ஒரு தண்ணீர்க் குழாயை வைத்து, மறுபடி ஓட்டினார். ஆட்டமில்லை. “பேரிங்காம், பேரிங்கு” என்றார். என் வாழ்நாளில் நான் சொன்ன தவறான தீர்ப்புகளில் அதுதான் மிக வேகமானது.

வெளியே நிறுத்தியிருந்த என் சைக்கிளைப் பற்றி அவர்தான் முதலில் விசாரித்தார். இதில் மூட்டை கட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போகலாமா என்று கேட்டார். போகக்கூடாது என்றேன். இது அலுமினியம், வேகத்துக்கானது. நெடும்பயணத்துக்கு இரும்புச் சட்டம்தான் வேண்டும், ஒடிந்தாலும் வழியில் வெல்டு வைக்கலாம் என்றேன். அடுத்த மாதமே மதுரையில், வெளிநாடு போகும் ஒருவரிடமிருந்து இரும்புச் சட்டமும் சக்கரமும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். “இப்பொ சொல்லு, என்னென்ன மாட்டணும்?” ராமேஸ்வரம் போய், அங்கிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி. அதுதான் அவர் திட்டம்.

மாட்டுவதற்கு ஒவ்வொரு சாமானையும் நான் சொல்லச் சொல்ல, அவர் கேட்டது ஒரே கேள்வி: “தேவதானத்துல கிடைக்குமா?” அவர் பிறந்த ஊர். அங்கே ஒரே ஒரு சைக்கிள் கடை. டிஸ்க் பிரேக் என்றேன். தேவதானத்தில் கிடைக்காது, ஆகவே ரிம்மைக் கவ்வும் பிரேக். தட்டினால் தானாகவே சரியான பல்லில் போய் நிற்கும் கியர் லிவர் என்றேன். கேபிள் கொஞ்சம் இழுத்துக்கொண்டாலும் அது தடுமாறும். ஆகவே விரலால் தள்ளித் தேடும் பழைய மாதிரி லிவர். முப்பத்திரண்டு ஸ்போக் போதும் என்றேன். “நாலு கூடுனா என்ன, நீயா சுமக்கப் போற?” முப்பத்தாறு. எரிச்சலாக இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால் மூன்றுமே சரி. அதை அவரிடம் சொல்லவில்லை.

கேரியர் விஷயத்தில் மட்டும் நான் விடவில்லை. அவர் வாங்கி வந்தது, பால்காரர்கள் மாட்டும் கனத்த இரும்புக் கேரியர். தராசில் வைத்துக் காட்டினேன். இரண்டே கால் கிலோ. “இதுல பாதி எடையில நான் வாங்கித் தாரேன்” என்றேன்.

“ஏலே, நான் எழுபத்தோரு கிலோ. என்னைய விட்டுட்டு கேரியர எளைக்கச் சொல்லுதியே?”

கேரியர் அப்படியே இருந்தது. இன்றும் இருக்கிறது.

கார்த்திகையில் ஓட்டிப் பார்க்க நாங்கள் இருவரும் செண்பகத்தோப்புப் பக்கம் போனோம். காற்று அறுபது பவுண்டுக்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, கல் மாதிரி அடித்து வைத்திருந்தார். சரளைத் திருப்பத்தில் பின்சக்கரம் வழுக்கி விழுந்தார். முட்டியில் நல்ல காயம். நான் ஓடிப் போய்த் தூக்கினேனா? இல்லை. “அப்பவே சொன்னேன்ல, காத்து ஜாஸ்தின்னு” என்றேன். அவர் தரையில் உட்கார்ந்தபடியே முட்டியைப் பார்த்தார். “தெனமும் அடுத்தவன் ரத்தத்தப் பாக்கேன். இன்னைக்கு என்னோடது” என்றார். காற்றை இறக்கிக் கொடுத்தேன். அதே திருப்பத்தில் மறுபடி ஓட்டினார். சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு போனது. இறங்கி வந்து, “நீ சொன்னது சரிதான். சொன்ன விதம் சரியில்ல” என்றார். இதை இதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். பாதி முறை நீங்களும் சேர்ந்து சொல்லியிருக்கிறீர்கள்.

அன்றைக்குத்தான் டயரைக் குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள். நெடுநாள் ஓட்டாமல் கிடந்த ரப்பர். உள்ளே நூல் தெரியும் அளவுக்கு இல்லை. ஆனால் மூட்டை ஏற்றி, வெயிலில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனால் ஒருநாள் பிளக்கும். “இதுல போகாதீய. நல்ல டயர் வரட்டும். அதுவரைக்கும் வண்டி வீட்ல நிக்கட்டும்” என்றேன். அக்கா தலையாட்டினார். அடுத்த ஞாயிறு முதல் தன் பழைய லேடீஸ் சைக்கிளில்தான் நம்மோடு வந்தார்.

நல்ல டயர் என்றால் எது? நான் இருபத்திரண்டு டயர்களை எக்செலில் போட்டேன். அகலம், எடை, பக்கவாட்டின் தடிமன், முள் குத்தாமல் உள்ளே வைக்கும் பட்டை இருக்கிறதா இல்லையா. முதல் ஜோடி வந்தது, கொஞ்சம் அகலம் கூடி மட்கார்டில் உரசியது, திருப்பி அனுப்பினேன். இரண்டாவதை ஒரு மாதம் இழுத்தடித்து, கடைசியில் விற்பவனே சரக்கு இல்லை என்றான். மூன்றாவது, தை முடிவில் மதுரையில் ஒரு கடையில், கையில் எடுத்தே பார்த்தேன். முப்பத்தேழு மில்லிமீட்டர், அளவு கச்சிதம். உள்ளே பட்டை மட்டும் இல்லை. வேண்டாமென்று வைத்துவிட்டு வந்தேன். எதற்கும் இரண்டு நிமிடம் காத்திருக்கத் தெரியாத நான், டயருக்காக எட்டு மாதம் காத்திருந்தேன். சரியாகச் சொன்னால், அவரைக் காக்க வைத்தேன்.

அவர் கேட்காமல் இல்லை. தையில் ஒருமுறை: “இருக்கற டயர்லயே போனா என்ன?” போகலாம், ஆனால் தப்பு என்றேன். பங்குனியில்: “சித்திரை வெயில்ல என்னையப் போகச் சொல்லுதியோ?” இன்னும் பத்தே நாள் என்றேன். ஆனியில் பிளவக்கல் அணைப் பக்கம் எல்லோரும் போயிருந்தபோது, டீ குடித்துக்கொண்டே கேட்டார்: “டயரு வந்துட்டா நீ பொறவு என்னலே செய்வ?” நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு விளங்கவில்லை. “அடுத்து உக்காருத சீட்டு பாக்கணும்கா” என்றேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தீர்கள்.

ஆடித் தேருக்கு மறுவாரம் அவர் இறந்தார். டயர், நான் போனில் சொன்னபடியே, சனிக்கிழமை வந்தது. வந்த பெட்டியைப் பிரிக்கவில்லை. அதை நினைத்துத்தான் கூட்டத்தில் அப்படிச் சொன்னேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அவர் கணவர் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். லீவு முடிந்து வடக்கே கிளம்பும் அவசரத்தில் இருந்தார். “தம்பி, அந்த டயர மாட்டிக் குடுத்திரு. அடுத்த லீவுக்கு வந்து நான் ஓட்டுதேன்” என்றார். சைக்கிள் பின்கட்டில் சாக்குப் போர்த்தி நின்றது. பின்சக்கரத்தைக் கழற்றி, டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுத்தேன். ட்யூப் வெளியே வந்தது. அதில் மூன்று ஒட்டுகள்.

நான் ஒட்டியவை அல்ல. ஒரே ஆள் ஒட்டியவையும் அல்ல. ஒன்று வட்டம், ஓரம் தேய்த்து ஒட்டிய சுத்தமான வேலை. இன்னொன்று பழைய ட்யூப்பில் கோணலாக வெட்டிய துண்டு. மூன்றாவது ஒட்டு இருந்த இடத்துக்கு நேரே டயருக்குள் விரலை விட்டேன். பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்குப் பிளவு. உள்பக்கமாக, வேறொரு பழைய டயரிலிருந்து அறுத்தெடுத்த துண்டை வைத்து ஒட்டியிருந்தது. அந்தத் துண்டின் ஓரங்கள் ட்யூப்பில் பதிந்து, வழவழவென்று தேய்ந்திருந்தன. ஒருநாள் இருநாள் ஓட்டத்தில் அந்தத் தேய்மானம் வராது.

நான் சொன்னது நடந்திருக்கிறது. டயர் பிளந்திருக்கிறது. பிளந்த பிறகும் ஓடியிருக்கிறது.

“அண்ணாச்சி, இந்த வண்டிய யாரு ஓட்டுனது?” என்றேன்.

“யாரு ஓட்டுவா? அவதான்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “ஒனக்குத் தெரியாதா? மாசியில போனாளே.”

மாசியில் ஒரு வாரம் அக்கா லீவு. நாத்தனார் வீட்டுக் கல்யாணம் என்று நம்மிடம் சொன்னார். திரும்பி வந்தபோது முகம் கறுத்து, மூக்கு உரிந்திருந்தது. என்ன அக்கா இப்படி என்று கேட்டதற்கு, “கல்யாண வீட்டுல பந்தல் சரியில்ல” என்றார். நம்பினேன்.

அண்ணாச்சி சொன்னார். முதல் நாள் அருப்புக்கோட்டையில் தங்கல். மறுநாள் சாயல்குடி நெருங்கும்போது டயர் வெடித்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய், ஒரு கடையில் கொடுத்தார். அந்தக் கடைக்காரர் பழைய டயரை அறுத்து உள்ளே வைத்துத் தைரியம் சொல்லி அனுப்பினார். ராமேஸ்வரம் வரை தாங்குமா என்று சந்தேகம் வந்ததால், அங்கிருந்து நேரே மூக்கையூர்க் கடலுக்குப் போய், கணவருக்கு வீடியோ காலில் கடலைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகும் சும்மா நிற்கவில்லை. லீவு கிடைத்த நாளெல்லாம் அந்த வண்டியில் தேவதானம், தென்காசிப் பக்கம் என்று போய்க்கொண்டுதான் இருந்தார்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

அவர் சிரித்துவிட்டார். அந்தப் பதினாறு நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல் முறையாக இருக்கும். “நான் கேட்டேன். ‘வெடிச்சுதுன்னு தெரிஞ்சா இன்னும் ஒரு வருசம் டயர் தேடுவான். அவன் பாட்டுக்குத் தேடட்டும், சந்தோசமா இருக்கான்’ன்னா.”

ஆகவே திருத்தம் இதுதான். பேச்சி அக்கா எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் காக்க வைத்ததாக நினைத்த நாட்களில் அவர் ரோட்டில் இருந்தார். அவர் ராமேஸ்வரம் போய்ச் சேராததற்கு நான் காரணம்தான்; மதுரைக் கடையில் வைத்துவிட்டு வந்த டயரை மாட்டியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார். அதை இப்போதும் மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் வீட்டில் உட்கார்ந்து ஏங்கிச் செத்தார் என்று யாரும் இனிச் சொல்ல வேண்டாம். நான் சொன்னதையும் சேர்த்துத்தான். புது டயர்களை மாட்டிக் கொடுத்தேன். அண்ணாச்சி மறுநாள் ரயில் ஏறினார்.

என்னிடம் அவருடைய பொருள் எதுவும் இல்லை. மிச்சம் இருப்பது ஒரு கோபம். என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், அது உண்மை. வெடிக்கும் என்று சொன்னேனா இல்லையா என்று பத்து நிமிடம் கத்தியிருப்பேன். அதற்குப் பிறகு, எந்தப் பக்கம் பிளந்தது, மூட்டை எவ்வளவு, காற்று எத்தனை பவுண்டு என்று கேட்டிருப்பேன். எல்லாவற்றுக்கும் பிறகு, கடல் எப்படி இருந்தது என்றும் கேட்டிருப்பேன். அதுவரை என்னோடு உட்கார்ந்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. வேலையில் நிற்கும்போது திடீரென்று இந்தக் கோபம் வந்துவிடுகிறது. ஸ்பேனரை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வருகிறேன். இதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இது தீர வேண்டுமென்று எனக்கு ஒரு அவசரமும் இல்லை.