இன்னொரு ரவுண்டு

என் அப்பாவுக்கு யார் பேச்சும் காதில் ஏறாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லும்படி ஆனாலும் இதை மறந்துவிடக் கூடாது.

அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் அவர் சூப்பர்வைசர். இரும்பைத் தடவிப் பார்த்தே கோணலைச் சொல்லிவிடுவார் என்று அங்கே பேர். அந்தப் பேர் அவர் தலைக்கு ஏறியிருந்தது. எங்கள் பழைய வெள்ளைக் காரை எந்த மெக்கானிக்கிடமும் விடமாட்டார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்பார். பார்க்கமாட்டார்.

முன் சீட்டில் உட்காரும் அம்மா ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பிரேக்கை ஒரு தடவை அமுக்கினா நிக்க வேண்டிய வண்டிக்கு ஏன் மூணு தடவை அமுக்குறீங்க?"

"வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

ஒருநாள் காவிரிப் பாலத்தில், முன்னால் போன டவுன் பஸ் சட்டென்று நின்றது. அப்பா பிரேக்கை அமுக்கினார். பெடல் தரைவரைக்கும் போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பஸ்ஸுக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டியை நிறுத்தினார். அம்மா கத்தவில்லை. கதவைத் திறந்து இறங்கி ஸ்ரீரங்கம் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். அப்பா ஹார்ன் அடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே வண்டியை ஊரவிட்டார்.

"ஏறு. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்."

மறுநாள் காலையில் மண்ணச்சநல்லூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்று என்னை அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கீழே இருக்கும் வீட்டுக்காரரிடம் சாவி வாங்கி, மாடி ஏறிக் கதவைத் திறப்பேன். முதல் வேலையாக டிவியைப் போடுவேன். செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் நானும் வணக்கம் சொல்வேன். எட்டு மணிக்கு அப்பா இட்லிப் பொட்டலத்தோடு வருவார். "சாப்பிடு." "கதவைச் சாத்து." "லைட்டை அணை." ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை தேறாது. நான் எண்ணியிருக்கிறேன். இப்படியே இரண்டு மாதம் போனது.

பிறகு அம்மா போன் செய்தாள். அப்பாவிடம் பேசிவிட்டு என்னிடமும் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். பிரேக்கைச் சரி பண்ணிட்டு அதே கார்ல வரணும். நாலரைக்கு ராகு காலம் பொறந்துடும், அதுக்குள்ள வந்துடணும். வேற எதுவும் நான் கேக்கலை."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பா காரை ஜாக்கியில் ஏற்றினார். பிரேக்கில் இருக்கும் பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புதிதை ஊற்றி, குழாய்க்குள் சிக்கியிருக்கும் காற்றையும் எடுக்க வேண்டும். ஏர் எடுப்பது என்பார்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தடியில் படுத்து ஒரு சின்ன நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். இன்னொருவர் பெடலை அமுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இன்னொருவர் என்றால் அது நான்தான்.

சீட்டை முன்னால் தள்ளி, முதுகுக்குத் தலையணை வைத்து என்னை உட்கார வைத்தார். இரண்டு காலாலும் அமுக்கினால்தான் பெடல் இறங்கும். அவர் பின் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டார். குரல் மட்டும் வந்தது.

"அடி."

"அடிச்சேன்."

"இன்னொண்ணு. இன்னொண்ணு. இப்ப புடி."

"புடிச்சிருக்கேன்."

அவர் நிப்பிளைத் திறந்ததும் என் காலடியில் பெடல் மெல்ல இறங்கியது.

"விட்றாத, விட்றாத. நான் மூடுறதுக்குள்ள காலை எடுத்தா காத்து உள்ள போயிடும். ம், இப்ப விடு."

நிப்பிளில் மாட்டிய ட்யூப் வழியாகப் பழைய ஆயில் பாட்டிலில் இறங்கியது. காப்பி டிகாஷன் போலக் கறுப்பு. பல் தேய்த்துக்கொண்டே வந்த வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

"என்ன சார், காருக்குப் பேதி மருந்து குடுத்துட்டீங்களா?"

"ஆமா சார். நாலு காலுலயும் போயாகணும்."

அப்பா சிரித்தார். காருக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது வேறு யாரோ படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"பாப்பா, நல்லா புடிக்கிற நீ. பட்டறையில ஒரு பயலுக்கும் இந்தப் பொறுமை இல்லை," என்றார் பிறகு. அவர் என்னைப் பாராட்டியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

பதினொன்றரை மணிக்கு நாலாவது சக்கரமும் முடிந்தது. அவர் எழுந்து நின்று கையைத் துடைத்தார்.

"எப்படி இருக்கு? கெட்டியா இருக்கா?"

பெடல் கல் மாதிரி நின்றது. காற்று மிச்சமிருந்தால்தான் மெத்தென்று அமுங்கும். ஆமாம் என்று சொன்னால் அவர் மாடிக்குப் போய்விடுவார். பேச்சும் முடிந்துவிடும்.

"மெத்துனு இருக்குப்பா," என்றேன்.

என்னை நகரச் சொல்லிவிட்டு, கதவோரம் நின்றபடியே ஒரு காலை உள்ளே விட்டு அமுக்கினார். மறுபடி அமுக்கினார். என் முகத்தைப் பார்த்தார். அறை விழப்போகிறது என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன்.

"சரி," என்றார். "இன்னொரு ரவுண்டு போவோம்."

அந்த ரவுண்டில் எங்களுக்கு அவசரமே இல்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். கல்யாணமான புதிதில் ஒரு சிநேகிதரின் காரை வாங்கி அம்மாவை முக்கொம்புக்குக் கூட்டிப்போனாராம். வழியில் மூன்று தடவை நின்றுவிட்டதாம். "உங்கம்மாதான் பட்டுப் புடவையோட எறங்கித் தள்ளினா. கோவமே வரலை அவளுக்கு. சிரிச்சா."

இடையிடையே "அடி", "புடி", "விடு" என்றார். பேச்சு மும்முரத்தில் முன்னால் இருக்கும், குறையக் குறைய ஊற்ற வேண்டிய ஆயில் டப்பாவைப் பார்க்க மறந்துவிட்டார். திடீரென்று என் கால் தரையில் போய் இடித்தது.

"அப்பா, கீழ போயிடுச்சு."

பானெட்டைத் திறந்து பார்த்தார். டப்பா காலி. குழாயெல்லாம் காற்று. வாங்கி வைத்திருந்த ஆயிலும் தீர்ந்துவிட்டது. அன்றைக்குப் பாலக்கரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றும் திறந்திருக்காது. மொபெட்டை எடுத்துக்கொண்டு அரியமங்கலம் போனார். பட்டறைச் சாவி வைத்திருக்கும் ஆளைத் தேடிப் பிடித்து, ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு திரும்பியபோது மணி இரண்டே முக்கால்.

நாலு சக்கரமும் முதலிலிருந்து. இந்தத் தடவை அந்த மூன்று வார்த்தைகளைத் தவிர அவர் எதுவும் பேசவில்லை. அவர் கேட்பதற்கு முன்பே "கெட்டியா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டேன். குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நாலேகால். கொள்ளிடம் தாண்டி டோல்கேட்டில் ஒரே நெரிசல். மாமா வீட்டு வாசலில் வண்டி நின்றபோது ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பிரேக் அற்புதமாகப் பிடித்தது.

அம்மா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி கதவருகில் இருந்தது.

"வாங்க மாப்ள," என்றார் மாமா. "ராகு காலம் பொறந்து இருபது நிமிஷம் ஆச்சே. உக்காருங்க. ஆறு மணி ஆகட்டும்."

உட்கார்ந்தோம். காப்பி வந்தது. ஆறு மணிக்கு மாமி விளக்கேற்றினாள். மாமா தொண்டையைச் செருமினார்.

"விளக்கு வச்சாச்சு மாப்ள. விளக்கு வச்சப்புறம் வீட்டுப் பொண்ணை அனுப்புற வழக்கம் நம்மகிட்ட இல்லை. இன்னொரு நாள் வாங்களேன்."

நாலரையிலிருந்து ஆறுவரை ராகு காலம். ஆறு மணிக்கு மேல் விளக்கு. ஒரு பெண்ணைப் பூட்டி வைக்க இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. ஆனால் அம்மா நினைத்திருந்தால் அண்ணனைத் தாண்டிக்கொண்டு வந்திருக்கலாம். அவள் அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ஏன் லேட்டு?"

பாப்பாதான் பெடல் சரியில்லை என்றாள் என்று அவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

"வேலை இழுத்துடுச்சு," என்றார்.

"ரெண்டு மாசம் இருந்துச்சே. இன்னைக்குத்தான் வேலை வந்துச்சா?"

அவர் தரையைப் பார்த்தார். அம்மா என் தலையைத் தடவி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா மறுபடி கூப்பிடப் போகவில்லை. அம்மாவும் வரவில்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் நான் மண்ணச்சநல்லூருக்குப் போய்விட்டேன். அப்பா அந்தச் சந்திலேயே தனியாக இருந்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

என் பொய்தான் அவர்களைப் பிரித்தது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. போன வருடம் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. கெட்டியான பெடலை மெத்தென்று இருக்கிறது என்று யார் சொன்னாலும், மிதித்துப் பார்க்கிற காலை ஏமாற்ற முடியாது. அப்பா அன்றைக்கு இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார்.

மாமா வீட்டில் போய்த் தலைகுனிந்து நிற்க அவருக்குப் பயம். போகாமல் இருக்கவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் தள்ளிப்போட அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அதைப் பத்து வயதுப் பெண் நீட்டினாள், அவர் வாங்கிக்கொண்டார். அறைவதற்காக என் முகத்தைப் பார்க்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.