என் உடம்பின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டுக்கு முதல் செல்போன் வந்த வருஷம், எனக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் என் இடுப்பைத்தான் பார்த்தார்கள். எண்பத்தாறு கிலோ. "வாயக் கட்டியிருந்தா இது வந்திருக்குமா?" என்று நாத்தனார் முகத்துக்கு நேராகவே கேட்டாள். கேட்டவள் கையில் கொண்டுவந்தது ஒரு கிலோ மைசூர்பாகு.

டாக்டர் அப்படி ஒரேயடியாகச் சொல்லவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு உடல் பருமன் ஆபத்தைக் கூட்டும், பரம்பரையும் கூட்டும் என்றார். "அம்மா வழியில, அப்பா வழியில யாருக்காவது இருந்துச்சா?"

பக்கத்தில் இருந்த அம்மா முந்திக்கொண்டாள். "எங்க வம்சத்துலயே கெடையாது டாக்டர். இவ குண்டா இருக்கறதாலதான்."

தவளக்குப்பத்தில் இருந்த சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, நாற்பதைத் தாண்டாமலே செத்துப்போனாள். வயிற்றில் புண் என்று ஊருக்குச் சொன்னோம். அவள் மார்புக்குக் கட்டுப் போட நானே துணி கிழித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் டாக்டர் கேட்ட அந்தச் சமயத்தில் என் மகளுக்கு ரெட்டியார்பாளையத்திலிருந்து வரன் வந்திருந்தது. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பையன், கட்டிக்கொண்டால் பிரான்சுக்கே போய்விடலாம். புதுச்சேரியில் அதற்கு மேல் என்ன வேண்டும். பெண்ணின் அம்மா குண்டு என்றால் சிரிப்பார்கள். ரத்தத்தில் ஓடுகிறது என்றால் வேறு வீடு பார்ப்பார்கள். அம்மா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள், நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காக என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து மூலக்குளத்து வீட்டுக்குத் திரும்பினேன். மகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். காலையில் ஒரு இட்லி, ராத்திரிக்கு வெறும் மோர். ஏற்கெனவே முருங்கைக்காய் மாதிரி இருப்பவள். ஒரு நாள் தட்டில் இன்னொரு இட்லி வைத்தேன். எடுத்துத் திருப்பி வைத்தாள்.

"வேணாம்மா. ஒல்லியாவே இருந்துட்டா உனக்கு வந்தது எனக்கு வராதுல்ல."

அவள் கல்யாணத்தைக் காப்பாற்றப் போய் அவளைக் கைவிட்டிருந்தேன்.

"தவளக்குப்பத்துச் சின்ன ஆயா உன்னவிட ஒல்லிடி," என்றேன். "அவங்களுக்கும் இதுதான். வயித்துப் புண்ணெல்லாம் இல்ல."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"சொல்லல."

"கெளம்பு. போயி சொல்லிட்டு வரலாம்."

அம்மாவுக்குத் தெரியாமல்தான் போனோம். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி செத்தபோது என்ன வயது என்று கேட்டு எழுதிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மகளைப் பார்த்து, "உனக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டார்.