மெஷின் நின்றால் கத்த வேண்டும்

பாறசாலையில் நான் வேலை பார்க்கும் சிப்ஸ் கம்பெனியில் இந்த வாரம் புது விதி. பாக்கெட் போடும் மெஷின் நின்றால், ஏன் நின்றது என்று உடனே உரக்கச் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் ஷிபு அண்ணன் அதைப் போர்டில் எழுதுவார். எந்த மெஷின் அதிக நேரம் ஓடியது என்றும் அதிலேயே தெரியும்.

எனக்கு வெட்கம். வாயே திறக்கவில்லை. என் மெஷினுக்கு நேராக 'காரணம் தெரியாது' என்றே அண்ணன் எழுதி வந்தார். இப்படியே போனால் என்னை வாழைக்காய் தோலுரிக்க அனுப்பிவிடுவார்கள்.

இன்றும் நின்றது. பக்கத்து மெஷின் ஸ்டெல்லா அக்கா முறைத்தாள்.

"மக்கா, வாய் உண்டுல்லா? சொல்லு!"

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"அண்ணே, கவர் ரோல் தீந்து போச்சு! ஸ்டோருக்கு ஓடணும்! எப்பவும் இதாக்கும் காரணம்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"களியக்காவிளை வரைக்கும் கேட்டிருக்கும்" என்று சிரித்தார் ஷிபு அண்ணன். "இத முதல்லயே சொல்லப்பிடாதா பிள்ளே?"

ரோல்களை என் மெஷின் அருகிலேயே அடுக்க வைத்தார். அப்புறம் சாயங்காலம் வரை அது நிற்கவே இல்லை. போர்டில் இன்று என் மெஷின்தான் முதலிடம்!

ஒரே வருத்தம். இனி கத்தக் காரணமே இல்லை. எனக்கோ இப்போதுதான் கத்துவது பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.