கரையில் எழுதிய லாக் புத்தகம்

கிளாட்வின் தண்டலைப் பற்றிக் கடலில் விசாரித்தால் ஒரு குறை கிடைக்காது. கரையில் விசாரித்தால் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஊரெல்லாம் அலைய வேண்டாம், அவர் மனைவி ஞானசௌந்தரியிடம் கேட்டால் போதும். தையல் மிஷினை நிறுத்திவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, நிதானமாகச் சொல்லுவாள்.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறி, சிமெண்ட், செங்கல் ஏற்றிப் போகிற தோணிக்குத் தலைவர்தான் தண்டல். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட கிளாட்வின் பதினேழு வயதில் தோணியில் சமையலுக்குச் சேர்ந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டே கடலைப் படித்தார். முப்பத்தாறு வயதில் தண்டல் ஆனார். இப்போது ஐம்பத்தைந்து. இத்தனை வருஷத்தில் ஒரு ஆளையும் கடலுக்குக் கொடுக்காமல் கரை சேர்த்திருக்கிறார். அது சாதாரண விஷயமா?

தோணியில் லாக் புத்தகம் எழுதுவதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை. நேரம், தோணி நிற்கும் இடம், போகும் திசை, காற்று, அன்று நடந்தது, எல்லாம் குண்டு குண்டு எழுத்தில் இருக்கும். எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை நங்கூரம் பிடி விட்டு இழுபட்டு, தோணி நகர்ந்து மோதிப் பக்கப் பலகை உடைந்தது. தூங்கிய காவல்காரன் தலையில் பழியைப் போட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கிளாட்வின் எழுதினார்: "நங்கூரம் இழுபட்டதை நான் இரண்டு மணி நேரம் பார்க்கவில்லை. என் தவறு." அதைப் படித்த முதலாளி, "இப்படி எழுதின தண்டல நான் இதுவரைக்கும் பாத்ததில்ல" என்றாராம். அவரை மாற்றவும் இல்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷர் கரைக்கு வந்தால் என்ன ஆகிறதோ தெரியவில்லை. மே மாதம் பாதியில் காற்று மாறிவிடும். ஆகஸ்ட் வரை தோணி ஓடாது. அந்த மூன்று மாதம் அவர் வீட்டில். பனிமய மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட வீடு, அதில் தோணி மாதிரி பன்னிரண்டு ஆளா இருக்கிறார்கள் அதட்டுவதற்கு? மனைவி ஒருத்தி, மகள் ஜெர்லின் ஒருத்தி. குழம்புக்குப் புளி ஊற்றும் நேரத்திலிருந்து தையல் மிஷினுக்கு எண்ணெய் விடும் நாள் வரை அவர் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் தெருமுனை டீக்கடை வரை சத்தம் கேட்கும்.

இந்த வருஷம் அதையும் தாண்டிப் போனார். மகள் சாயங்காலம் வீட்டுக்கு வரும் நேரத்தை ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தார். ஜெர்லினுக்கு இருபத்திரண்டு வயது. பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் வேலை. "மே 22, இரவு 7.20. மே 23, 7.35. மே 24, 7.30." கட்டம் போட்டு, தேதி போட்டு, சுத்தமாக எழுதினார். கேள்வி மட்டும் கேட்கவில்லை. முழுசாக இருபது நாள் சேர்த்துக்கொண்டு, ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நோட்டும் கையுமாக நேரே மகளின் ஆபீஸுக்குப் போய்விட்டார்.

அங்கே ஜெர்லினைத் தவிர ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மானேஜர் ஜெபசிங் எழுந்து, "வாங்க அண்ணாச்சி" என்றார். தண்டல் உட்காரவில்லை. நோட்டைப் பிரித்து, தேதியும் நேரமுமாக உரக்க வாசித்தார். கடைசியில், "பொம்பளப் பிள்ளைய இந்நேரம் வரைக்கும் வச்சு வேல வாங்குதிய, இது ஆபீஸா என்னய்யா?" என்று கேட்டார்.

ஜெபசிங் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "அண்ணாச்சி, நாங்க ஆறு மணிக்கே எல்லாரையும் அனுப்பிருதோமே."

ஏழு பேரும் ஜெர்லினைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"ரோச் பார்க்ல இருந்தேன்ப்பா. தனியாத்தான். நீங்க கடல்ல இருக்கயில நான் ஆறரைக்கு வீட்டுக்கு வந்துருவேன், அம்மாட்ட கேளுங்க. நீங்க வந்த நாள்லருந்து எனக்கு வீட்டுக்கு வரப் பிடிக்கல. அதான் அங்கன உக்காந்திருந்துட்டு வாரேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள். தண்டல் எப்படி வெளியே வந்தார், வண்டியை எப்படி எடுத்தார் என்பது அவருக்கே நினைவில்லை. அன்றிலிருந்து ஜெர்லின் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டுத் தருவாள், துவைத்த சட்டையை மடித்து வைப்பாள். பேச்சு மட்டும் இல்லை.

நடந்ததைக் கேள்விப்பட்ட ஞானசௌந்தரி கத்துவாள் என்று பார்த்தார். கத்தவில்லை. அந்த நோட்டை வாங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

"நான் ஒண்ணு கேக்குதேன், கோவப்படாம பதில் சொல்லுங்க" என்றாள். "தோணி புஸ்தகத்துல யாரு தோணி எங்க நிக்கின்னு எழுதுவிய? மத்தவன் தோணியவா?"

"மத்தவன் தோணி எனக்கு எதுக்குளா? நம்ம தோணி நிக்கித எடத்தத்தான் எழுதணும்."

"இதுல நீங்க எங்க நிக்கிய?"

தண்டல் நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபது நாள், இருபது வரி. அவர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. நோட்டை மூடி வைத்து, "சரி, என்னயப் பத்தியே எழுதுதேன்" என்றார். வாய் தவறி வந்த வார்த்தையோ, ரோஷத்தில் சொன்னதோ, சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

புது நோட்டு வாங்கி மூன்று கட்டம் போட்டார். நேரம், நான் செய்தது, காரணம். முதல் வாரம் முழுவதும் இந்த ரகம்தான்: "காலை 8.10. சத்தம் போட்டேன். காரணம், காப்பியில் சீனி இல்லை." "மாலை 6.40. கதவை அடித்துச் சாத்தினேன். காரணம், சௌந்தரி சொன்ன சொல் கேட்கவில்லை." தோணி முதலாளி லாக்கில் கையெழுத்துப் போடுவது போல, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மனைவியிடம் நீட்டினார்.

ஞானசௌந்தரி சிரித்தே விட்டாள். "காரணம்னு ஒரு கட்டம் போட்டிருக்கிய பாருங்க, அது பூரா எங்க பேருதான் இருக்கு. பழைய நோட்டே தேவல." கையெழுத்துப் போட மாட்டேன் என்று விட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் நோட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள், காரணம் என்ற கட்டத்தின் மேல் முதலிலிருந்து கடைசி வரை கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு எழுதுவது மகா கஷ்டமாகிவிட்டது. "காலை 7.50. சத்தம் போட்டேன்." அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு பேனா எதையோ தேடும். எழுத ஒன்றும் இருக்காது. புயலில் சுக்கான் பிடித்த கை, சத்தம் போட்டேன் என்று எழுதி நிறுத்துவதற்கு வேர்த்து வழிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானசௌந்தரி எல்லாவற்றையும் படித்துவிட்டு, "வியாழக்கிழம மீன்காரிய விரட்டுனது எங்க?" என்று கேட்டாள். அவர் நோட்டைத் திரும்ப வாங்கினார். எழுதிவிட்டுக் கொடுத்தார். கையெழுத்து விழுந்தது.

ஜூலை பாதியில் ஒரு நாள் மத்தியானம், வேலை இல்லாமல் பழைய பக்கங்களைப் புரட்டினார். லாக் படித்துப் பழகிய கண் அல்லவா, தானாக ஒன்று பிடிபட்டது. சத்தம் போட்டதெல்லாம் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில். இல்லாவிட்டால் சாயங்காலம். காலையில் ஜெர்லின் வேலைக்குக் கிளம்புகிற நேரம், ஞானசௌந்தரி அன்றைய தையலுக்குத் துணி வெட்டிப் போடுகிற நேரம். சாயங்காலம் இரண்டு பேரும் அன்றைக்கு நடந்ததைப் பேசிக்கொள்கிற நேரம். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார்: "இந்த வீட்டில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது. எனக்கு இல்லை. நான் இல்லாமலே ஒன்பது மாதம் வீடு நன்றாக ஓடுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை."

எழுதி முடித்ததும் மனுஷருக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பாவம், ஐம்பத்தைந்து வயதில் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்ட முதல் சங்கதி இது.

அதற்காக ஒரே நாளில் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாளும் கத்தினார். ஆனால் "வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்" என்கிற வரிகள் நோட்டில் அதிகமாயின. சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்து, தோணியில் சமைத்த பழைய கையால் வாரம் இரண்டு நாள் மீன் குழம்பு வைத்தார். ஜெர்லின் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள், அவரிடம் சொல்லவில்லை. பனிமய மாதா கோயில் கொடியேற்றத்துக்கு மூன்று பேரும் போனார்கள். கூட்டத்தில் மகள் பத்தடி தள்ளியே நடந்தாள். அன்று எழுதினார்: "ஜெர்லினிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கவில்லை." அந்த வரி தினமும் வந்தது. எழுத வந்தது, வாயில் வரவில்லை. மகளிடம் போய் அப்பன் மன்னிப்புக் கேட்பதா?

ஆகஸ்ட் கடைசியில் தோணி கிளம்ப நாள் குறித்தார்கள். இனி ஐந்து நாள். போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும். மகள் ஒரு வார்த்தை பேசாதிருக்கும்போது கடலுக்குப் போக அவருக்கு மனசில்லை. அன்று சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு, மறுபடியும் பீச் ரோட்டுக்குப் போனார். யார் முன்னால் மகளை அவமானப்படுத்தினாரோ அந்த ஏழு பேர் முன்னாலேயே நின்று, தன் தப்பைத் தானே வாசித்துக் காட்டிவிடுவது என்று முடிவு. ஐந்தே முக்காலுக்கு வாசலில் வண்டியை நிறுத்தினார். படியில் ஒரு கால் வைத்தார்.

வைத்த காலை எடுத்துவிட்டார். வண்டி சீட்டின் மேல் நோட்டை வைத்து நின்றபடியே எழுதினார்: "5.50. ஆபீஸ் வாசல். உள்ளே போகவில்லை. அவளைக் கேட்காமல் வந்திருக்கிறேன். போன தடவையும் கேட்காமல்தான் வந்தேன்."

ஆறு மணிக்கு எல்லாரும் வெளியே வந்தார்கள். ஜெர்லின் அவரைப் பார்த்ததும் முகம் வெளிறி நின்றுவிட்டாள். ஜெபசிங் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேகமாக நடையைக் கட்டினார்.

"பயப்படாத மக்கா, நான் உள்ள போவல" என்றார் தண்டல். "ஒண்ணு கேக்கணும். நாளைக்கு உள்ள வந்து அவ்வளவு பேர்ட்டயும் மன்னிப்புக் கேக்கட்டுமா? நீ சரின்னாதான் வருவேன்."

இரண்டரை மாதத்துக்குப் பிறகு மகள் பேசினாள்.

"அவங்கள்லாம் அன்னைக்கே மறந்துட்டாங்கப்பா. எனக்குத்தான் மறக்கல. எங்கிட்ட ஒரு தடவகூட கேக்கலியே நீங்க."

தண்டல் நோட்டை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. "அது உங்களுக்கு எழுதினது" என்றாள்.

ரோட்டில் உப்பு லாரி ஒன்று போயிற்று. அது போய் முடிகிற வரை காத்திருந்தார். "நான் செஞ்சது தப்பு மக்கா. அசிங்கமான தப்பு. என்னய மன்னிச்சிரு" என்றார். அந்தக் குரலை அவர் தோணி ஆட்கள் யாரும் கேட்டதில்லை.

ஜெர்லின் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சரி என்று சொல்லவில்லை. "கோவம் இன்னும் இருக்குப்பா. போவும்னு நெனைக்கேன். இன்னிக்குக் கொஞ்ச நேரம் பார்க்ல உக்காந்துட்டு வாரேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

எத்தனை மணிக்கு வருவாய் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டில் ஞானசௌந்தரி வாசலுக்கே வந்து, "பிள்ள எங்க?" என்று கேட்டாள்.

"பார்க்ல இருக்கா."

"எப்ப வாராளாம்?"

"நான் கேக்கலளா" என்று சொல்லிவிட்டு, மூன்று பேருக்கும் அரிசி கழுவ உள்ளே போனார் கிளாட்வின்.